உண்ட மயக்க வகுப்பு

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஓட்டுநர்கள் மாடிக்கு ஏறி வரும் சத்தத்திலேயே அன்றைய வகுப்பின் கதி அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் தடதடவென்று ஏறிய அதே கால்கள், இப்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த படிக்கு வரும். ஒருவர் ஏப்பம் விடுவார். இன்னொருவர் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொள்வார். நாற்காலியில் உட்காரும்போது எல்லார் வாயிலிருந்தும் ஒரு 'அப்பாடா' வரும். அதற்குப் பிறகு வருவது குறட்டைதான்.

பேருந்து நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தில் சாலை விதிகளைச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதனால் ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் விதி சார். "சாப்பிட்டாச்சா? வா, விதி கூப்பிடுது" என்று அவர் காதுபடவே படிக்கட்டில் பேசிக்கொள்வார்கள். பெயரில் அவருக்கு வருத்தமில்லை. காலை வகுப்பு எடுக்கிறவருக்கு 'எங்க நர்ஸம்மா' என்று பெயர் வைத்திருந்தார்களே, அந்த 'எங்க'வில்தான் வருத்தமெல்லாம்.

வாரா வாரம் ஒரு கூட்டம் ஓட்டுநர்கள் ஒருநாள் பயிற்சிக்கு வருவார்கள். காலையில் முதலுதவி, மத்தியானம் சாலை விதிகள். கீழ்த்தளத்தில் உணவுக்கூடம். பயிற்சி நாளில் அங்கே தட்டு காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். மற்ற நாளெல்லாம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே, நடத்துநர் விசில் ஊதுவதற்குள் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற மனிதர்கள், அன்று ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு, கறி, முட்டை, மேலே ஓர் இனிப்பு. அதை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்களிடம், 'வளைவில் முந்தக் கூடாது' என்று கரும்பலகையில் படம் போட்டுவிட்டு அவர் திரும்பினால், முன்வரிசையில் இரண்டு தலை தொங்கியிருக்கும். பின்வரிசையைப் பார்க்க அவருக்கே மனசு வராது.

நர்ஸம்மா வருவதற்கு முன்பு முழு நாளும் அவருடையதாகத்தான் இருந்தது. பெரிய மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவர் என்று சொல்லி மேலாளர் அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த அன்றே அந்த அம்மாள், "நெஞ்சை அழுத்துற பயிற்சியெல்லாம் குனிஞ்சு நிமிர்ந்து செய்யணும் சார். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்தா ஒருத்தராலயும் முடியாது. எனக்குக் காலை நேரமா குடுத்துடுங்களேன்" என்றார். அதில் ஒரு தப்பும் சொல்ல முடியவில்லை. தப்புச் சொல்ல முடியாததுதான் விதி சாருக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

அன்றிலிருந்து காலை நேரத்தில் அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து மத்தியானத்துக்குத் தயார் செய்வார். தயார் செய்வதாகப் பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். 'என்னத்துக்கு இப்படிச் சிரிக்கிறாங்க? காலை உடைச்சுக்கிட்டவனுக்குக் கட்டுப் போடறதுல சிரிக்க என்ன இருக்கு?' என்று நினைப்பார். காதைச் சுவரிலிருந்து எடுக்கவும் முடியாது. பயிற்சிக்கென்று அந்த அம்மாள் ஒரு ரப்பர் பொம்மை வைத்திருந்தார், இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள ஆள். அதை அறைக்குத் தூக்கிப்போக ஓட்டுநர்களுக்குள் போட்டி நடக்கும். "மெதுவா, மெதுவா, தலை இடிக்குது பாரு!" என்று பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் போவார்கள். விதி சாரின் சாலைக்குறிப் பலகைகளை இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் தூக்கிக் கொடுத்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாளைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். சாப்பிட்ட எல்லாருக்கும் வயிறு நிறையும். அவருக்கு மட்டும் எரியும்.

ஒருநாள் மேலாளர் அறைவாசலில் நிறுத்தினார். "சார், நேத்து உங்க வகுப்பை எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் சுவாரசியமா எடுங்களேன். நர்ஸம்மாகிட்ட ரெண்டு டிப்ஸ் கேட்டுக்கங்க."

கடைசி வாக்கியத்தில் அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "எல்லாம் சாப்பாடு பண்ற வேலை சார். சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த அம்மா வந்து நின்னாலும் இதேதான் நடக்கும்" என்றார்.

"அப்படியா?" என்று மேலாளர் சிரித்த சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் நூலகத்துக்குப் போனார். சாப்பிட்டால் ஏன் தூக்கம் வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஒரு வெறி வந்து, புத்தகங்களை வீட்டுக்கே எடுத்துவந்து நாள்கணக்கில் படித்தார். வழக்கில் தன் பக்கத்துக்குச் சாட்சி சேர்ப்பவர்போல் சேர்த்தார். வயிற்றுக்கு ரத்தம் போய்விடுவதால் மூளைக்குக் குறைகிறது என்று ஊரே சொல்கிற கதை சரியில்லை, மூளை தன் பங்கை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது என்று தெரிந்துகொண்டபோது, நர்ஸம்மா இதைத் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றி அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தார். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மத்தியானத்தில் அது ஒருமுறை தூக்கத்தின் பக்கம் சாயும் என்று படித்தபோது, எழுந்துபோய் மனைவியிடம் சொன்னார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு வங்கியில் வேலை. வீட்டுக்கு வந்தபிறகு யார் பாடம் எடுத்தாலும் பிடிக்காது.

"அது ஏற்கெனவே சாய்ஞ்சுக்கிட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டா என்ன ஆகும்? குடல் மூளைக்குச் சேதி அனுப்புது. ரத்தத்துல சர்க்கரை ஏறுது. முழிச்சிருக்கச் சொல்ற நரம்பெல்லாம் அடங்கிடுது. இதுல நான் என்ன பாடம் நடத்தி என்ன?"

"சரி."

"என்ன சரி? காலை நேரத்தை அந்த அம்மாவுக்குக் குடுத்துட்டு, இந்தப் பாழாப்போன நேரத்தை என் தலையில கட்டியிருக்காங்க."

மனைவி ஒரு சட்டையை உதறினார். "முன்னாடி காலையிலயும் நீங்கதானே எடுத்தீங்க? அப்போ யாரும் தூங்கலையா?"

அப்போது யாரும் தூங்கவில்லை என்றுதான் அவருக்கு ஞாபகம். ஆனால் சிரித்ததாகவும் ஞாபகமில்லை.

"அந்தம்மாவை ஆண்டு விழாவுல பார்த்தேன். என்னா கலகலன்னு பேசறாங்க! கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று மனைவி வேறு எண்ணெய் ஊற்றினார்.

மறுவாரமே விதி சார் மேலாளரிடம் போய் நின்றார். படித்ததையெல்லாம் கொட்டினார். ஒரே ஒரு முறை நேரத்தை மாற்றிப் பார்க்கலாம், அப்போது தெரிந்துவிடும் என்றார். என்ன தெரிந்துவிடும் என்று மேலாளர் கேட்கவில்லை; தொலைபேசியை எடுத்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஏதாவது மறுப்புச் சொல்வார், ஒரு சண்டை வரும், தன் பக்க நியாயத்தை நாலு பேர் முன்னால் சொல்லலாம் என்று இவர் வார்த்தைகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்.

"அதுக்கென்ன, மாத்திக்கலாமே!" என்றது தொலைபேசி.

வெளியே வரும்போது தான் ஜெயித்த மாதிரியே அவருக்குத் தோன்றவில்லை.

மாற்றிய நாளன்று நன்றாகச் சவரம் செய்துகொண்டு, விசேஷத்துக்கு என்று வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். ஓட்டுநர்கள் தடதடவென்று ஏறி வந்தார்கள். எல்லார் கண்ணும் பளிச்சென்று இருந்தது. அவர் ஆரம்பித்தார். வளைவு, பாலம், பள்ளிக்கூடம், முந்துவது, வழி விடுவது. ஒரு தலைகூடத் தொங்கவில்லை.

அதுதான் சங்கடமாகப் போனது. தூங்குகிறவர்கள் முன்னால் இத்தனை காலம் பேசிப் பழகியவருக்கு, விழித்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று தெரியவில்லை. பெரிய மீசை வைத்த ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்து பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தன் விரல் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். நடுவில் இரண்டு பேர் மேஜைக்கு அடியில் கைபேசியைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒல்லியான ஓட்டுநர் வெளியே பணிமனையில் பேருந்து கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று அவர் சொன்னதும் மீசைக்காரர் கையைத் தூக்கினார். விதி சாருக்கு உயிர் வந்தது.

"டீ எப்போ சார் வரும்?"

சிரிப்பு வந்தது. அவர் ஆசைப்பட்ட சிரிப்பு இது இல்லை. மத்தியானத்தில் தூங்கினால் சோற்றின் மேல் பழியைப் போடலாம். இந்தக் காலை நேரத்தில் அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் பழிபோட எதுவுமே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவர் கோபத்தில் சாப்பிட்டார். கறியை இரண்டாம் முறை வாங்கினார். இனிப்பையும் இரண்டாம் முறை வாங்கினார். எதிர் மேஜையில் நர்ஸம்மா பாதித் தட்டோடு எழுந்துபோவதைப் பார்த்ததும் வேண்டுமென்றே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. இதோ இவர்களும் தின்றுகொண்டிருக்கிறார்கள். நெஞ்சை அழுத்தும் பயிற்சியை இந்த வயிற்றோடு எப்படிச் செய்வார்கள் என்று பார்ப்போம்.

பார்க்கவே போனார். "நானும் முதலுதவி கத்துக்கலாம்னு" என்று சொல்லிக் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"தாராளமா உட்காருங்க சார்" என்றார் நர்ஸம்மா.

அந்த அம்மாள் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மீசைக்காரருக்குக் கண் சொருகியது. அடுத்து கைபேசிக்காரர்களில் ஒருவர். பிறகு ஒரு வரிசையே அறுவடைக்கு நின்ற கதிர்போல் சாய்ந்தது. விதி சாருக்கு அன்று முழுதும் வராத சந்தோஷம் இப்போது வந்தது. 'பேசு தாயி, பேசு. கலகலன்னு பேசு பார்ப்போம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வருஷக்கணக்கில் அவர் பட்டதை அந்த அம்மாள் இந்த ஒரு மத்தியானமாவது படட்டும் என்றிருந்தது.

நர்ஸம்மா பேச்சை நிறுத்தினார். ஓட்டுநர்களைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. "இது நம்ம மேல தப்பில்லப்பா, சோத்து மேல தப்பு. எல்லாரும் மேஜை மேல தலையைச் சாய்ங்க. லைட்டை அணைக்கிறேன். கொஞ்ச நேரம் கழிச்சு நானே எழுப்புறேன். எழுந்து வந்து பொம்மைகிட்ட வேலை பார்ப்போம்" என்றார்.

விதி சார் திகைத்துப்போனார். இத்தனை படித்த தனக்கு இது ஏன் தோன்றவில்லை? தூக்கத்தோடு இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றாரே தவிர, சரி, வந்துவிட்டுப் போ என்று ஒரு நாளாவது விட்டாரா? இதையும் அந்த அம்மாள்தான் செய்யவேண்டுமா? விளக்கு அணைந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இதை மேலாளரிடம் போய், வகுப்பில் தூங்க வைக்கிறார்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தார். அதற்கு என்ன வார்த்தை போடலாம் என்று யோசித்தார். இரண்டு தட்டுச் சாப்பாடு உள்ளே உட்கார்ந்து கனத்தது. கண்ணை மூடி யோசித்தார்.

"சார்! சார்! நான் பேசுறது கேக்குதா?"

யாரோ தோளைத் தட்டினார்கள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பெரிய மீசை ஒன்று முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அதற்குப் பின்னால் எல்லாரும் எழுந்து நின்று அவரையே பார்த்தார்கள்.

"பதில் இல்லை மேடம். மூச்சு இருக்கா பார்க்கட்டுமா?" என்றார் மீசைக்காரர்.

கூடமே வெடித்துச் சிரித்தது. முன்னால் பொம்மைக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "அய்யோ, அவரை விடுங்கப்பா, நான்தான் எழுப்ப வேணாம்னு சொன்னேனே" என்று ஓடி வந்தார். மயங்கிக் கிடப்பவரை எப்படித் தட்டிக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பொம்மை எதற்கு, கடைசி வரிசையில் நிஜ ஆளே இருக்கிறார் என்று மீசைக்காரர் பின்னால் வந்துவிட்டாராம்.

விதி சார் எழுந்தார். கடைவாயில் ஒழுகியிருந்ததைத் துடைத்துக்கொண்டார். நீலச் சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. நர்ஸம்மா பரிதாபமாகப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார், அந்தப் பரிதாபத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு?" என்று கத்தினார். அந்தக் கூடத்தில் அவர் அப்படிக் கத்தியதே இல்லை. "நான் என்ன குடிச்சுட்டா விழுந்து கிடக்கிறேன்? சாப்பிட்டேன், தூங்கினேன்! இது யாருக்கும் வரும். உங்களுக்கு வரலையா? வாரா வாரம் என் முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறீங்களே, நான் யாரையாவது தட்டி மூச்சு இருக்கான்னு பார்த்திருக்கேனா? மனுஷ உடம்பு மத்தியானத்துல தானா ஒரு தடவை சாயும். நீங்க பட்டினி கிடந்தாலும் சாயும். அந்த நேரத்துல வயித்தை ரொப்பினா இன்னும் கீழ இழுக்கும். சோறும் இனிப்பும் ஜாஸ்தியா இருந்தா இன்னும் மோசம். முந்தின ராத்திரி சரியாத் தூங்கலைன்னா கேக்கவே வேணாம். இதுல வெட்கப்பட என்ன இருக்கு? சோம்பேறித்தனம் இல்ல இது. உடம்பு!"

மூச்சு வாங்க நிறுத்தினார். சிரிப்பு நின்றிருந்தது. தனக்காகத்தான் நிறுத்திவிட்டார்கள், மறுபடி பரிதாபம்தான் என்று நினைத்து வெளியே போகத் திரும்பினார்.

"சார்."

ஜன்னலோரம் நின்ற ஒல்லியான ஓட்டுநர். காலையிலிருந்து வாயே திறக்காதவர்.

"வண்டி ஓட்டும்போது வந்தா, அதுவும் உடம்புதானா?"

எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"எனக்கு மத்தியான டிரிப்பு சார். சாப்பிட்டுட்டு உடனே எடுக்கணும். போன மழைக்காலத்துக்கு முன்னாடி ஒருநாள்..." அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நேர் ரோடு. வெயில். பின்னாடி பூரா தூங்குறாங்க. நான் கண்ணை மூடினது எனக்குத் தெரியாது. டயர் ஜல்லியில ஏறுற சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். திருப்பிட்டேன். ஒண்ணும் ஆகல. முன்சீட்டுல ஒரு பொண்ணு, மடியில குழந்தை. அது மட்டும் முழிச்சுக்கிட்டு என்னையே பார்த்துச்சு. குழந்தைதான். அது யார்கிட்ட சொல்லப்போகுது? நானும் சொல்லல. வீட்டுலகூட. நான் சோம்பேறி, இந்த வேலைக்கே லாயக்கில்லாதவன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டிட்டு இருக்கேன்."

விதி சாருக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. படித்ததெல்லாம் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றது. ஒரு பொம்பளை மேல் பொறாமைப்பட்டுச் சேர்த்து வைத்தது அத்தனையும். அது உண்மையில் யாருக்கு வேண்டியதாக இருந்ததோ அவர்கள் இத்தனை வருஷம் இதே கூடத்தில்தான் தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் தான் வளைவுப் படம் போட்டுக்கொண்டு நின்றதை நினைத்தபோது அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க சோம்பேறி இல்லப்பா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "உட்காருங்க. எல்லாரும் உட்காருங்க."

பேனா மூடியால் காது குடைந்த மீசைக்காரர்தான் அடுத்து வாயைத் திறந்தார். "ஜன்னலைத் திறந்து காத்து வாங்கினா போயிடும் சார். நான் அப்படித்தான் ஓட்டுறேன்."

"போகாது. போன மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்."

"பாட்டுப் போட்டா?"

"அதுவும் அப்படித்தான்."

"நான் கன்னத்துல அறைஞ்சுப்பேன்" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

"டீ?"

"டீ நல்லதுதான். ஆனா குடிச்ச உடனே வேலை செய்யாது. அது ஏறுறதுக்கு நேரம் பிடிக்கும். அதுக்குள்ள நீங்க வண்டியை எடுத்துடுறீங்க. வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி டீயைக் குடிச்சுட்டு, அது ஏறுற வரைக்கும் கண்ணை மூடிப் படுங்க. எழுந்திருக்கும்போது ரெண்டும் சேர்ந்து உதவும். அதோட, வண்டி எடுக்குற நாள்ல அரை வயித்துக்குச் சாப்பிடுங்க. பாக்கியை டிரிப்பு முடிச்சு வந்து சாப்பிடுங்க. யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாங்க. இதையெல்லாம் மீறி ரோட்டுல கண்ணைச் சொருகினா, ஓரங்கட்டி நிறுத்துங்க. பயணிங்க திட்டுவாங்க. திட்டட்டும்."

"நிறுத்தினா நேரக் கண்காணிப்பாளர் கேப்பாரே சார்" என்றார் ஒல்லியானவர்.

"என்னைக் கேக்கச் சொல்லுங்க."

இதைச் சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். ஜல்லிச் சத்தம் கேட்டு விழித்த கதை இன்னும் நாலைந்து பேரிடம் இருந்தது. ஒருவர் தன் மனைவிக்குக்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸம்மா பொம்மையை ஓரமாக நகர்த்திவிட்டு, முதல் வரிசையில் காலியாக இருந்த மீசைக்காரர் இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிப் போன பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். "நர்ஸம்மா, நேத்து உங்க வகுப்பு பிரமாதமாமே! டிரைவருங்க எல்லாம் அதே பேச்சா இருக்காங்க."

விதி சாருக்கு அடிவயிற்றில் பழைய நெருப்பு குப்பென்று பற்றியது.

"என் வகுப்பு இல்ல சார். எடுத்தது இவர்தான். நான் பெஞ்சுல உட்கார்ந்து கேட்டேன்" என்றார் நர்ஸம்மா.

நெருப்பு அணைந்திருக்கவேண்டும். அணையவில்லை. எவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்! இந்த இடத்தில் தான் இருந்திருந்தால், ஆமாம் சார் என்று ஒரு தலையாட்டலோடு வாங்கி வைத்துக்கொண்டிருப்போம் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெருந்தன்மையிலும் அவர் தோற்றுப்போனார். ஆனால் மேலாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கையில் கிடைத்ததை விடக்கூடாது என்று, மத்தியான டிரிப்புக்காரர்கள் வண்டி எடுக்கும் முன் படுத்து எழ ஓர் அறை வேண்டும், வழியில் நிறுத்தினால் விளக்கம் கேட்கக் கூடாது என்று கேட்டார். மேலாளர் முனகினார். நர்ஸம்மாவும் சேர்ந்து பேசினார். விபத்துப் பிரிவில் தான் பார்த்த ஒரு மத்தியானத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். மேலாளர் முனகுவதை நிறுத்தினார். உதிரிப் பொருள்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலிசெய்து பாய்களும் தலையணைகளும் போட்டார்கள். நேரக் கண்காணிப்பாளர் மட்டும் ஒரு மாதம் விதி சாரோடு பேசவில்லை.

வகுப்பு நேரம் மறுபடி பழையபடியே ஆனது. இந்த முறை மத்தியானத்தைக் கேட்டு வாங்கியது அவர்தான். ஓட்டுநர்கள் வந்து உட்கார்ந்ததும் விளக்கை அணைப்பார். எழுப்பிய பிறகு, யாருக்கெல்லாம் ஸ்டியரிங்கில் கண் சொருகியிருக்கிறது என்று கேட்பார். முதலில் ஒருவரும் பேச மாட்டார்கள். தான் கடைசி வரிசையில் வாய் ஒழுகத் தூங்கிய கதையை அவரே சொல்வார், மீசைக்காரர் மூச்சுப் பார்க்க வந்தது உட்பட. சிரிப்பார்கள். பிறகு ஒரு கை மெதுவாக எழும். வளைவும் பாலமும் அதற்குப் பிறகு வரும், அப்போதும் விழித்திருப்பார்கள். எல்லாரும் அல்ல. ஓரிருவர் எப்போதும் தூங்கத்தான் செய்தார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து தேநீர் வேளையில் அவரைச் சுற்றிக் கூட்டம். பழைய கூட்டத்திலிருந்து ஒல்லியான ஓட்டுநர் தன் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "இவனுக்கு ஒரு விஷயம் கேக்கணுமாம் சார். வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேங்கிறான். எங்க சார்கிட்ட சொல்லுடான்னு இழுத்துட்டு வந்தேன்."

எங்க சார். விதி சார் அதைக் கேட்டு நிமிர்ந்தபோது, தூணோரம் கோப்பையோடு தனியாக நின்ற நர்ஸம்மா கண்ணில் பட்டார். இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாக இறுகியிருந்தது. தேநீரைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தார். ஒரே கணம்தான், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலாளர் பாராட்டியபோதுகூட வராத ஒரு சுகம் உடம்பெல்லாம் ஓடியது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தச் சுகத்தைக் கொஞ்சம் வைத்து அனுபவித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார்.

நண்பரோடு பேசி முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு நர்ஸம்மா பக்கத்தில் வந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றார். "என்கிட்ட எல்லாரும் சிரிச்சுப் பேசுறாங்க. சொந்தக் கதையை ஒருத்தரும் சொல்றதில்ல. பல வருஷம் வார்டுல இருந்தவ நான். உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொல்றாங்க?"

விதி சார் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லவேண்டும் என்று முயன்றார். பழக்கமில்லாததால் சட்டென்று வரவில்லை.

"முன்னாடி நீங்க அவங்களைச் சிரிக்க வைக்கிறதைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்கும் இதே கேள்விதான்" என்றார் கடைசியில்.

அந்த அம்மாள் ஆறிப்போன தேநீரை ஒரு வாய் குடித்தார். "அடுத்த வாரம் உங்க வகுப்புல வந்து உட்காரட்டுமா?"

"வாங்க. ஆனா கம்மியாச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார் விதி சார்.